கட்டியின் வெப்பநிலையே சிகிச்சையின் அளவு

புற்றுநோய் மருத்துவத்தில் அளவு தெரியாமல் தரப்படும் சிகிச்சை என்று ஒன்று இருக்கக் கூடாது. கீமோதெரபி மருந்து மில்லிகிராம் கணக்கில் தரப்படுகிறது. கதிர்வீச்சு கிரே என்ற அலகில் கணக்கிடப்பட்டு, மருத்துவ இயற்பியலாளரால் சரிபார்க்கப்பட்ட பிறகே நோயாளியின் உடலில் பாய்ச்சப்படுகிறது. இவ்விரண்டுக்கும் துணையாக ஹைப்பர்தெர்மியா என்ற வெப்பச் சிகிச்சையும் உண்டு. நுண்ணலை, வானொலி அலை, மீயொலி ஆகியவற்றில் ஒன்றால் கட்டியை 40 முதல் 44 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்த நிலையில் வைத்திருப்பதே இதன் முறை. இங்கே மருந்து வெப்பம். மருந்தின் அளவு கட்டிக்குள் நிலவும் வெப்பநிலை. அதை அளக்காமல் கருவியின் வாட் திறனையும் நேரத்தையும் மட்டும் குறித்துவைத்தால், சிகிச்சை பலித்தது என்றும் சொல்ல முடியாது, பலிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்தத் துறையின் நாற்பதாண்டு வரலாறு இதற்குச் சான்று.

வெப்பம் செயல்படும் விதத்திலேயே இதன் காரணம் இருக்கிறது. கதிர்வீச்சால் சிதைந்த டி.என்.ஏ.வைச் செல் தானே சீர்செய்துகொள்ளும். வெப்பம் அந்தச் சீரமைப்பைக் குலைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த செல்களும் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் கட்டத்தில் உள்ள செல்களும் கதிர்வீச்சை அதிகம் தாங்கும். அவற்றையே வெப்பம் நன்கு தாக்கும். ஆனால் இந்த விளைவு வெப்பநிலையோடு சீராக ஏறுவதில்லை. 1984-இல் ஆய்வாளர்கள் சபரெட்டோவும் டூயியும் வகுத்த கணக்குப்படி, 43 டிகிரியில் 60 நிமிடம் தரும் பலனை 44 டிகிரி 30 நிமிடத்தில் தந்துவிடும். 42 டிகிரிக்கு 240 நிமிடம் வேண்டும். 41 டிகிரிக்கோ 16 மணி நேரம் வேண்டும். அதாவது, 43-க்குக் கீழே ஒரு டிகிரி பிசகினால் அளவு நான்கு மடங்கு பிசகுகிறது. கதிர்வீச்சில் சில விழுக்காட்டுப் பிழையையே பொறுக்காத மருத்துவம், வெப்பத்தில் நான்கு மடங்குப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

வாட் கணக்கைக் கொண்டு வெப்பநிலையை ஊகிக்கலாமே என்று தோன்றலாம். அந்த ஊகத்தைப் பொய்யாக்குவது குருதியோட்டம். சூடேறிய திசுவில் குருதி விரைந்து பாய்ந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. கட்டியின் ஒரு பகுதியில் குழாய்கள் செறிந்திருக்கும், இன்னொரு பகுதியில் அருகியிருக்கும். ஆகவே ஒரே திறன் ஒருவருக்கு 43 டிகிரியையும் இன்னொருவருக்கு 40 டிகிரியையும் தரலாம். ஒரே கட்டிக்குள்ளும் ஓரமும் நடுவும் வேறுபடும். எனவேதான் சராசரியை மட்டும் நம்பாமல், அளந்த புள்ளிகளில் 90 விழுக்காடு எந்த வெப்பநிலையை எட்டின அல்லது கடந்தன என்று பார்க்கும் வழக்கம் வந்தது. சூடு எட்டாத மூலையில் பிழைத்திருக்கும் செல்களால் நோய் திரும்பிவிடும். அந்த மூலையைச் சராசரி மறைத்துவிடும்.

அளவீட்டின் அருமையை உணர்த்தியவை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள். அமெரிக்காவின் கதிர்வீச்சுச் சிகிச்சை ஆய்வுக் கூட்டமைப்பான ஆர்.டி.ஓ.ஜி. நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கும் வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் மொத்தத்தில் வேறுபாடு தென்படவில்லை. சிகிச்சையே வீண் என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளில், அதாவது அன்றைய கருவிகளால் ஓரளவு சூடேற்ற முடிந்தவற்றில், பலன் தெரிந்தது. பெரிய கட்டிகள் போதிய சூட்டைப் பெறவே இல்லை. தராத மருந்தைத் தோற்ற மருந்தாக எண்ணியதே அங்கு நேர்ந்த பிழை. டியூக் பல்கலைக்கழகக் குழு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. முதலில் சோதனையாகச் சூடேற்றி, கட்டிக்குள் அளந்து பார்த்து, சூடேற்ற முடிந்த கட்டிகளை மட்டும் ஆய்வில் சேர்த்தது; எட்ட வேண்டிய வெப்ப அளவையும் முன்கூட்டியே வரையறுத்தது. 2005-இல் வெளியான முடிவின்படி, கட்டி முழுதும் மறைந்தவர்கள் வெப்பம் சேர்ந்த பிரிவில் 66 விழுக்காடு, கதிர்வீச்சு மட்டும் பெற்ற பிரிவில் 42 விழுக்காடு. நெதர்லாந்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயாளிகள் 114 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சோடு வெப்பமும் சேர்ந்தபோது மூன்றாண்டு உயிர்வாழ்வு 27 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாக உயர்ந்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். நன்றாகச் சூடேறும் கட்டி குருதியோட்டம் குறைந்த தனி வகையாக இருக்கலாம்; அதன் விளைவு வேறுபடுவது கட்டியின் இயல்பால்தானே தவிர வெப்பத்தால் அன்று எனலாமே? தொடர்பைக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்ற இந்த எச்சரிக்கை நியாயமானது. விடையும் சோதனையிலிருந்தே கிடைத்தது. மென்திசுப் புற்றுக்கட்டி கண்ட நாய்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, எல்லாவற்றுக்கும் கதிர்வீச்சோடு ஒரு பிரிவுக்குக் குறைந்த வெப்ப அளவும் மறுபிரிவுக்கு மிகுந்த அளவும் தந்தார்கள். மிகுந்த அளவு பெற்ற பிரிவில் கட்டி நெடுநாள் கட்டுக்குள் இருந்தது. அளவைத் தீர்மானித்தது கட்டியின் இயல்பன்று, ஆய்வாளரின் குலுக்கல்.

இரண்டாவது மறுப்பு நோயாளியின் துயரம் பற்றியது. கட்டிக்குள் ஊசி செருகித் தெர்மோகப்பிளையோ ஒளியிழை வெப்பமானியையோ வைப்பது வலி தரும். குருதிக்கசிவுக்கும் தொற்றுக்கும் இடமுண்டு. அப்படியும் சில புள்ளிகளே தெரியும். இதைப் புறந்தள்ளக் கூடாது. ஆயினும் ஊசி ஒன்றே வழியன்று. ராட்டர்டாம் மருத்துவர்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயாளிகள் 420 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். சிறுநீர்ப்பை, மலக்குடல், யோனி ஆகிய இயற்கையான உட்குழிகளில் அளந்த வெப்ப அளவே சிகிச்சையின் விளைவோடு பொருந்தி வந்தது. எம்.ஆர்.ஐ. மூலம் ஊசியே இல்லாமல் அளக்கவும் முடியும்: நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின் ஒத்ததிர்வு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்துக் கோடியில் ஒரு பங்கு நகர்கிறது. கொழுப்பில் இந்த நகர்வு இல்லை. மூச்சும் குடலசைவும் படத்தைக் குலைக்கும். இவை அளவீட்டை மேம்படுத்தச் சொல்லும் காரணங்களே தவிர, கைவிடச் சொல்பவை அல்ல.

மிதமான சூடே கட்டிக்குள் குருதியையும் ஆக்சிஜனையும் கூட்டிப் பலன் தரும், துல்லியம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. அந்தக் கூற்று மெய்யாகவே இருக்கலாம். ஆனால் 41 டிகிரி போதும் என்று நிறுவுவதற்கும் அங்கே 41 டிகிரிதான் இருந்தது என்று காட்ட வேண்டுமே! 43 டிகிரியை அடிப்படையாகக் கொண்ட கணக்கு ஒருநாள் திருத்தப்படலாம். திருத்தத் தேவைப்படுவதும் அளந்து வைத்த பதிவுகளே.

வெப்பச் சிகிச்சை வழங்கும் எந்த மருத்துவமனையும் எந்தப் புள்ளிகளில், எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை நிலவியது என்பதை நோயாளியின் கோப்பில் கதிர்வீச்சு அளவுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். வெப்பமானிகளைக் காலந்தோறும் சரிபார்க்க வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் உடனிருக்க வேண்டும். கட்டியின் வெப்பநிலையைச் சொல்லாமல் வெற்றி விழுக்காட்டை மட்டும் முன்வைக்கும் விளம்பரத்தை நோயாளியின் குடும்பத்தார் கேள்வி கேட்க வேண்டும். தோல்வியை மட்டும் முன்வைக்கும் ஆய்வறிக்கையை மருத்துவர்கள் அதே கேள்வியால் சோதிக்க வேண்டும். கடும் நோயில் நம்பி வருபவருக்கு என்ன தந்தோம், எவ்வளவு தந்தோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். வெப்பச் சிகிச்சைக்கு மட்டும் அந்தக் கடமையிலிருந்து விலக்குக் கிடையாது.