சர்க்கஸ்: ஒரு வட்டத்தின் பெயர்

பிக்காடில்லி சர்க்கஸ் என்றதும் யானையும் கோமாளியும் நினைவுக்கு வரலாம். லண்டனில் அது வெறும் சாலைச் சந்திப்பு. இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு வட்டம் என்றே பொருள். பழைய ரோமாபுரியில் தேர்ப்பந்தயம் நடந்த திடலுக்கும் அதே பெயர்தான்.

வேடிக்கைக் கலைக்கு இந்தப் பெயர் வந்ததற்குக் குதிரைதான் காரணம். குதிரைப்படையில் இருந்த பிலிப் ஆஸ்ட்லி 1768இல் லண்டனில் சாகசம் காட்டத் தொடங்கினார். நேராக ஓடும் குதிரை கண்ணை விட்டு மறைந்துவிடும். சுற்றிச் சுற்றி ஓடினால் கூட்டம் முழுவதும் பார்க்கலாம். வட்டத்தில் ஓடும் குதிரை உட்பக்கம் சாயும், முதுகில் நிற்பவரும் அதோடு சாய்ந்து நிலைகொள்வார். அந்த வளையத்தின் அளவு 42 அடிக் குறுக்களவாக நிலைத்தது. ஆஸ்ட்லியின் மனைவியும் குதிரை ஏறினார், மகனும் ஏறினான். ஆக, முதல் வளையமே ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ஆனால் 'சர்க்கஸ்' என்று பெயர்ப்பலகை வைத்தவர் ஆஸ்ட்லி அல்ல. 1782இல் அவருக்குப் போட்டியாக 'ராயல் சர்க்கஸ்' திறந்த சார்லஸ் ஹியூஸும் சார்லஸ் டிப்டினும்தான்.

1879இல் இத்தாலியரான கியாரினியின் சர்க்கஸ் குழு பம்பாய்க்கு வந்தது. அடுத்த ஆண்டே விஷ்ணுபந்த் சத்ரே 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' தொடங்கினார். கேரளத்துத் தலச்சேரியில் களரி ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பிள்ளைகளைச் சர்க்கஸுக்குப் பழக்கினார். 1901இல் சிறக்கரையில் அதற்கென்றே பள்ளி வந்தது. அந்த ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்த எம்.வி. சங்கரன்தான் 1951இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கியவர். பெயர் மிதுன ராசியிலிருந்து வந்தது. வாசனின் ஜெமினி சினிமா ஸ்டுடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சங்கரனுக்குப் பின் அவருடைய பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

சொல்தான் புதிது, வித்தை புதிதல்ல. நற்றிணையின் 95ஆம் பாட்டில் ஒரு மலையூர் வருகிறது. வாத்தியங்கள் முழங்க முறுக்குக் கயிற்றின் மேல் ஒரு பெண் நடந்து முடித்திருக்கிறாள். பிறகு அதே கயிற்றில் குரங்குக் குட்டி ஒன்று தொங்கி ஆட, குறவர் பிள்ளைகள் பாறைமேல் ஏறித் தாளம் போடுகிறார்கள். அவளை அப்பாட்டு 'ஆடுமகள்' என்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட மரியாதையான பெயர் அவளுக்குப் பிறகு கிடைக்கவில்லை.

அந்தக் கயிற்று நடை கழைக்கூத்தாக இன்றும் தெருவில் நடக்கிறது. இரண்டிரண்டு மூங்கிலைப் பெருக்கல் குறியாகக் கட்டி நட்டு, நடுவே கயிற்றை இழுத்துக் கட்டுகிறார்கள். குறுக்கே நீளக் கழியைப் பிடித்துச் சிறுமி நடக்கிறாள். அடுத்த நடையில் காலடியில் ஒரு தட்டு, அதற்கடுத்து ஒரு சைக்கிள் வளையம். கீழே அப்பா மேளம் அடிக்கிறார், அம்மா துணி விரிக்கிறாள். கீழே வலை கிடையாது. கூடாரத்துக்குள் இதையே செய்தால் 'சர்க்கஸ் கலைஞர்', டிக்கெட் உண்டு. தெருவில் செய்தால் 'கூத்தாடி'. அந்தச் சொல்லையும் நாம் வசவாக்கிவிட்டோம். உடம்பை அதே அளவு பணயம் வைப்பவர்களை ஒரு கூடாரத் துணியை வைத்துப் பிரிப்பது அநியாயம்.

இந்தப் பாகுபாடு சட்டத்திலும் இருக்கிறது. சர்க்கஸில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம், சினிமாவிலும் பிற கேளிக்கைகளிலும் குழந்தைகள் நிபந்தனையோடு நடிக்கலாம் என்று சொல்லி, சர்க்கஸை மட்டும் பெயர் குறித்து விலக்குகிறது. கூடாரம் இல்லாத, வலை இல்லாத அந்தக் கயிறு சர்க்கஸில் சேர்த்தியா இல்லையா என்று சட்டத்தின் அந்த வரி சொல்லவில்லை. சர்க்கஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கழைக்கூத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்; அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்புக்கும், அந்தச் சிறுமிக்குப் பள்ளிக்கூடத்துக்கும் அதே வரியில் வழி செய்ய வேண்டும்.