கடல் கடந்த கல்வித் தொண்டு

மாமல்லபுரத்துக் கடற்கரையில் நிற்பவர்க்குப் பல்லவர் காலத்து மரக்கலங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. கலையும் சமயமும் சுமந்து கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றவர்களின் வரலாற்றை நாம் பெருமையோடு படிக்கிறோம். ஆனால் அதே கரைக்கு மேற்கே, செங்கற்பட்டைச் சூழ்ந்த ஏரிப் பாசன ஊர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்த ஏழை மக்களை நாம் அத்துணை நினைப்பதில்லை. அவர்கள் சென்ற திசையும் வேறு. சென்ற நிலையும் வேறு. செங்கற்பட்டிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் இத்தகைய மக்களிடையே கிறிஸ்தவ மிஷன்கள் ஆற்றிய கல்வித் தொண்டைப் பற்றியே இன்று நான் பேச எண்ணுகிறேன். இரண்டும் தனித்தனிக் கதைகள் போலத் தோன்றும். கூர்ந்து நோக்கினால், ஒரே வினாவே இரண்டிலும் எழக் காண்போம்: பள்ளிக்கூடத்துப் பலகையில் அமர உரிமையுள்ளவர் யார்?

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் என்னும் போதகர் 1837-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கல்கத்தாவில் 1830 முதல் ஆங்கிலக் கல்வி புகட்டி வந்த அலெக்ஸாந்தர் டஃப் என்பவரே அவருக்கு வழிகாட்டி. அப்பள்ளியே வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாகி, 1937-இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரத்தில் குடியேறியது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காஞ்சிபுரம், செங்கற்பட்டு, நெல்லூர் ஆகிய ஊர்களில் அதன் கிளைப் பள்ளிகள் எழுந்தன.

பள்ளி தோன்றிய மறு ஆண்டே ஒரு சோதனை வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறுவர் சிலர் பள்ளியில் சேர்ந்திருப்பதை மற்றப் பெற்றோர் அறிந்தனர். அச்சிறுவரை நீக்க வேண்டும், இன்றேல் எம் பிள்ளைகளை அழைத்துக்கொள்வோம் என்றனர். ஆண்டர்சன் நீக்க மறுத்தார். மாணவர் பலர் வெளியேறினர். பள்ளியின் எதிர்காலமே ஐயத்துக்கு உள்ளாயிற்று. எனினும் அவர் உறுதி தளரவில்லை. நாளடைவில் வகுப்புகள் மீண்டும் நிரம்பின.

இங்கே ஒன்றை மறைத்தல் ஆகாது. இம்மிஷனரிமார் கல்வியைக் கல்விக்காக மட்டும் தரவில்லை. தம் சமயத்தைப் பரப்புதலும் அவர்கள் நோக்கமே. 1841-இல் மாணவர் சிலர் திருமுழுக்குப் பெற்றபோது ஊரில் பெருங்கலக்கம் எழுந்தது. வகுப்புகள் மறுபடியும் காலியாயின. தம் பிள்ளை தம்மை விட்டுப் பிரிந்துவிடுவான் என்று அஞ்சிய பெற்றோரின் துயரமும் மெய்யான துயரமே. நோக்கம் எதுவாயினும், ஒருமுறை திறந்த கதவை ஒருவர்க்காக மூடுவதில்லை என்ற அந்த முடிவு வரலாற்றில் நிலைத்து நின்றது.

ஆனால் கதவு திறந்திருப்பது மட்டும் போதுமா? போதாது என்பதைச் செங்கற்பட்டு மாவட்டமே உலகுக்கு எடுத்துக் காட்டியது. உழவுத் தொழிலாளரின் குடிசை நின்ற நிலம் மிராசுதாரருக்கு உரியதாக இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், மாடு மேய்க்க ஆள் இல்லை என்று மிராசுதாரர் சினம் கொள்வார். சினம் கொண்டால் குடிசையும் போய்விடும். தரிசு நிலம் கேட்டு மனுச் செய்தாலோ, அந்நிலத்தின் மேலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. இத்தகைய வீட்டுப் பிள்ளை எவ்வாறு பள்ளிக்கு வருவான்?

செங்கற்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வில்லியம் கூடி ஆகிய மிஷனரிமார் இதனை உணர்ந்தனர். புத்தகத்தோடு நிலமும் வேண்டும் என்று அவர்கள் அரசாங்கத்திடம் வாதாடினர். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் ஆண்ட்ரூ அமைத்த மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பு இவ்வெண்ணத்தில் பிறந்ததே. மாவட்டக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் இம்மக்களின் நிலையை விரிவாக ஆராய்ந்து அறிக்கை ஒன்று எழுதினார். அதன்மீது அரசாங்கம் 1892-இல் ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்கும் சொல்லுக்குப் பின்னால் இவ்வரலாறு உண்டு. 1893-இல் தாழ்த்தப்பட்டோர் கல்விக்கெனத் தனி ஆணையும் வந்தது.

இனிக் கடலுக்கு அப்பால் செல்வோம். நிலமின்றியும் கடன்பட்டும் வாடிய மக்களுக்குத் திறந்திருந்த மற்றொரு வழி கப்பல். 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘டுரூரோ’ என்னும் கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் நாள் 342 பேரோடு அது நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000-க்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். வட ஆற்காடும் செங்கற்பட்டும் அவர்களைப் பெருமளவில் அனுப்பிய மாவட்டங்கள். எல்லாச் சாதியினரும் அவர்களுள் இருந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, கரும்புத் தோட்டத்தில் வேலை. ஒரு கட்டிலிருந்து தப்பி மற்றொரு கட்டில் சிக்கியோர் பலர்.

அம்மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க யார் இருந்தார்? 1862-இல் ரால்ஃப் ஸ்டாட் என்னும் வெஸ்லியன் மிஷனரி நேட்டாலுக்கு வந்தார். இவர் முன்னர் இலங்கையின் மட்டக்களப்பில் பணியாற்றித் தமிழ் கற்றவர். ஆகவே தோட்டத்துத் தமிழரோடு அவர்கள் மொழியிலேயே பேச அவரால் இயன்றது. அயல்நாட்டுக் கரும்புத் தோட்டத்தில், தம் தாய்மொழியில் ஒருவர் நலம் உசாவியபோது அவர்கள் உள்ளம் எவ்வாறு குளிர்ந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த டாக்டர் பூத், புனித எய்டன் மிஷன் வழியாகப் பள்ளியும் மருத்துவமும் பேணினார். அவருடைய தரும வைத்தியசாலையில் நாள்தோறும் சிறிது நேரம் தொண்டு புரிந்த இளம் வக்கீல் ஒருவர் இருந்தார். அவரே மோகன்தாஸ் காந்தி. ஒப்பந்தக் கூலிகளான தமிழர், தெலுங்கர் முதலியோரின் துயரத்தை அணுகி அறிய அத்தொண்டு தமக்கு உதவியதெனத் தம் சுயசரிதையில் அவர் குறித்துள்ளார்.

தொண்டு எப்பொழுதும் ஐரோப்பியர் கையிலேயே இருந்ததென்று கொள்ளுதல் தவறு. 1903-இல் நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா என்னும் தெலுங்கர், தெலுங்குப் பாப்டிஸ்டு மக்களால் நேட்டாலுக்கு அனுப்பப்பெற்றார். இந்தியச் சபையினர் தாமே ஆப்பிரிக்காவுக்கு ஒரு போதகரை அனுப்பிய செய்தி இது. அதற்கடுத்த ஆண்டளவில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அவர் மிஷனரியும் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். கைந்நாட்டு மட்டுமே வைக்கத் தெரிந்த ஒருவனின் வாய்மொழி வழக்கு மன்றத்தில் பிழைபடாது ஒலிப்பது எத்துணை அரிய உதவி! தாயகம் திரும்பிய பின் 1924-இல், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் யாவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் கொணர்ந்தவரும் அவரே. பள்ளிப் பலகையில் எழுந்த வினா, சாலைக்கும் கிணற்றுக்கும் வளர்ந்ததை இங்கே காண்கிறோம்.

ஆப்பிரிக்க மக்களிடையேயும் இதே வினா எழுந்தது. தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் என்னுமிடத்தில் 1841-இல் ஸ்காட்லாந்து மிஷனரிமார் நிறுவிய கல்விக்கூடத்தில், தொடக்க நாட்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே பயின்றனர். முன்னர்க் கூறிய டஃப், இந்தியாவை விட்டுச் செல்லும் வழியில் 1864-இல் அதனைப் பார்வையிட்டார். ஆனால் நிற வேற்றுமை ஆட்சி 1953-இல் இயற்றிய பாண்டுக் கல்விச் சட்டம், ஆப்பிரிக்கர் பள்ளிகளை மிஷன்களின் கையிலிருந்து பறித்து, ஆள்வோர் விரும்பிய அளவுக்கே கற்பிக்கச் செய்தது. செங்கற்பட்டு மிராசுதாரரும் பிரிட்டோரியா ஆட்சியாளரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் அஞ்சியது ஒன்றையே: கற்ற கூலியாள் கேள்வி கேட்பான் என்பதை.

மாணவர்களே, பழைய பள்ளி ஒன்றைக் காணும்போது அது எந்த ஆண்டில் எழுந்தது, கட்டியவர் யார் என்று கேட்கிறோம். அவ்வினாக்கள் வேண்டியவையே. அவற்றோடு, அங்கே யார் சேர்க்கப்பட்டனர், யார் வாயிலில் நிறுத்தப்பட்டனர், நிறுத்தப்பட்டவர்க்காக எழுந்து நின்றவர் யார் என்றும் கேளுங்கள். தாம்பரத்திலும் செங்கற்பட்டிலும் படிக்கும் உங்களிற் பலர்க்கு அவ்விடை உங்கள் ஊர்ப் பெரியோரிடமே கிடைக்கும். அதைக் கேட்டு எழுதி வையுங்கள். நம் மாவட்டத்தின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத ஏடுகள் பல உள்ளன.