தூரிகைக்குச் சோறு போட்ட துணி

1909 ஆகஸ்டில் சுவீடனில் ஏறத்தாழ 3 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டுதான் ஸ்டாக்ஹோமில் 'இளையவர்கள்' என்ற குழு தன் முதல் ஓவியக் கண்காட்சியை வைத்தது. அந்தத் தலைமுறையின் சிக்ரிட் யெர்டேன், பாரிசில் மத்தீசிடம் ஓவியம் கற்கப் போகும் முன் சித்திரத் திரைச்சீலைகளுக்கு வடிவம் வரைந்துகொண்டிருந்தவர். தறிக்குப் பக்கத்திலிருந்து வந்த நவீன ஓவியர் என்றால் நெசவூரான பள்ளிபாளையத்தில் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

மதராசிலும் துணிதான் கைகொடுத்தது. கோவையில் 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் மதராஸ் ஓவியப் பள்ளியின் முதல்வரானார். படித்து முடித்த பிள்ளைகளின் படங்களை வாங்க ஆளில்லை. நம் வீடுகளுக்குக் காலண்டர் முருகனே போதுமாயிருந்தது. சங்கம் ஒன்று அமைத்துப் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். மெழுகு தொட்ட இடத்தில் சாயம் ஏறாது. அந்த வெற்றிடமே கோலமாகும். துணி விற்ற காசுதான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலமாகி, சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆனது.

அது 1965இன் மொழிப் போராட்டத்துக்கும் 1967இன் ஆட்சி மாற்றத்துக்கும் நடுவில் வந்த ஆண்டு. ஊர்வலத்தையோ துப்பாக்கிச் சூட்டையோ பணிக்கர் வரையவில்லை. ஜாதகக் கட்டமும் கணக்குக் குறியும் வாசிக்க முடியாத எழுத்துமாக 1963 முதலே அவர் திரை நிரம்பிக்கொண்டிருந்தது. தெருவில் மொழிக்காக உயிர் போன நாளில், யாருக்கும் புரியாத எழுத்தை ஒருவர் பொறுமையாகத் தீட்டிக்கொண்டிருந்தார்! இதை ஒதுங்கல் என்பார்கள் சிலர். எழுத்தின் உருவத்தையே உற்றுப் பார்த்தவரை அப்படித் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பணிக்கரின் பள்ளியில் படித்த கே.எம். ஆதிமூலம் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர். நெசவாளர் சேவை மையத்தில் துணி வடிவமைப்பாளராகச் சம்பளம் வாங்கினார். கோட்டோவியங்களைச் சிற்றிதழ்களுக்குக் கொடுத்தார். காசில்லாத பத்திரிகைக்குக் கோட்டுப்படம் தோதானது: அச்சு பிளாக் செலவு குறைவு, மட்டக் காகிதத்திலும் கறுப்பு நிற்கும். காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை மட்டுமே நூறு படங்களாக வரைந்தார். பிறகு கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த படங்கள் ஜூனியர் விகடனில் வந்தபோது, கண்காட்சி அரங்கை எட்டிப் பார்க்காத லட்சம் பேர் நவீன ஓவியத்தை டீக்கடையில் புரட்டினார்கள்.

காந்தியை வரைந்த கை அரசர்களையும் வரைந்தது. முன்னாள் அரசர்களின் மானியத்தை அரசு 1971இல் நிறுத்தியது. ஆதிமூலம் வரைந்த மகாராஜாக்களுக்கு மீசையும் தலைப்பாகையும் குறைவில்லாமல் இருக்கும், ஆளத்தான் நாடிருக்காது.