பெயரும் பிரமாணமும்: மட்டக்களப்பு மீன் வியாபாரத்தில் மரபணுச் சோதனையின் இடம்

மட்டக்களப்புச் சந்தைக்கு மீன் வாங்க வருபவர் விலையைக் கேட்குமுன், "ஆற்று மீனா, கடல் மீனா?" என்று கேட்பது வழக்கம். ஆறென்றே இங்கு வழங்கும், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் மீனுக்கும் அதன் கிழக்கே விரிந்த கடலின் மீனுக்கும் சுவையில் உள்ள பேதத்தை நாவால் அறிந்த மக்கள், செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்தும், வயிற்றை விரலால் அழுத்தியும், செதிலின் அமைப்பை நோக்கியும் வியாபாரி சொன்ன பெயர் மெய்யா என்று தாமே நிர்ணயித்து வந்தனர். தலையும் தோலும் துடுப்பும் உள்ளவரை கண்ணே அதற்குப் பிரமாணம். அவை நீங்கி, மீன் துண்டாகவும் கருவாடாகவும் டின் மீனாகவும் வரத் தொடங்கியபின், பெயர் விற்பவரின் வாக்கை மட்டுமே பற்றி நிற்கிறது. இழந்த அந்தப் பிரமாணத்தை விரைவு மரபணுச் சோதனை மீட்டுத் தரும் என்பதும், நம் மீனவர் வழங்கும் பெயர்களோடு அது முதலில் பிணைக்கப்பட்டாலன்றி இக்கரையில் பயன் தராது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2003ஆம் ஆண்டில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹீபர்ட்டும் அவருடைய சகாக்களும், விலங்குக் கலத்தின் இழைமணியில் உள்ள ஒரு மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்துக்களே ஓரினத்தை மற்றோரினத்தினின்று பிரித்துக் காட்டப் போதும் என்னும் கோட்பாட்டை முன்வைத்தனர். கலத்துக்குக் கரு ஒன்றேயாக, இழைமணிகளோ அநேகமாதலால், உப்பிட்டு வெயிலில் உலர்த்திய தசையிலும் அவ்வெழுத்துக்கள் எஞ்சி நிற்கின்றன. டின்னில் அடைத்து உயர் வெப்பத்தில் அவித்த மீனில் நீண்ட இழை அறுந்துபோவதால், நூறு இருநூறு எழுத்துக்கள் கொண்ட சிறு துண்டைப் படித்தே இனத்தைத் துணிய வேண்டியிருக்கிறது. மரபணு எழுத்துக்களைப் படிக்கும் இவ்வழியே 2010 முதல் 2012 வரை அமெரிக்க நகரங்களில் ஓஷியானா என்னும் அமைப்பு திரட்டிய 1,215 மாதிரிகளில் மூன்றிலொரு பங்கு பெயர் மாறி விற்கப்பட்டது தெரியவந்தது.

எழுத்து வரிசையை முழுமையாக வாசிப்பதற்கு ஆய்வுகூடமும் நாட்கணக்கான அவகாசமும் வேண்டும். மீனோ அவ்வளவு காலம் காத்திருக்கும் பண்டமன்று. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் வெளியிட்ட லாம்ப் என்னும் முறை, மரபணுத் துண்டை 60 முதல் 65 பாகை செல்சியஸ் வரையிலான ஒரே வெப்பநிலையில் ஒரு மணி நேரத்துக்குள் பெருக்கி, "இது இன்ன இனமா, அன்றா?" என்ற ஒற்றை வினாவுக்குக் சோதனைக் குழாயிலுள்ள திரவத்தின் நிறமாற்றத்தாலேயே விடை தரவல்லது. சுறா வர்த்தகத்துக்கென உருவாக்கப்பட்டு 2018இல் வெளிவந்த வேறொரு சோதனை, நான்கு மணி நேரத்துக்குள், மாதிரி ஒன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைந்த செலவில், வியாபாரம் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களின் சர்வதேசப் பட்டியலில் அன்று இடம்பெற்றிருந்த பன்னிரண்டு சுறா இனங்களுள் ஒன்பதைக் கண்டுகொண்டது.

இச்செய்தி நமக்குத் தூரத்துச் செய்தியன்று. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்குமென்று சுறாவை அவித்து, முள் நீக்கி உதிர்த்து வறையாக்கிக் கொடுப்பது தமிழர் வீடுகளின் நெடுநாள் சம்பிரதாயம். வாலே உடலளவு நீண்ட கசைவாற் சுறாக்களைப் பிடிப்பதை இலங்கைச் சட்டம் 2012இல் தடுத்தது. அச்சர்வதேசப் பட்டியலை நிர்ணயிக்க 2022இல் பனாமாவில் கூடிய மாநாடு வேறு பல சுறா இனங்களின் சர்வதேச வியாபாரத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாட் படகிலிருந்து முழுமையாக இறங்கும் கசைவாற் சுறாவை அதன் வாலே காட்டிக் கொடுக்கும். அதே உடல் கீறப்பட்டு, உப்பேறி, மஞ்சள் படிந்த கீற்றாகக் கயிற்றில் தொங்கும்போது, அனுபவம் முதிர்ந்த கண்ணும் அதனை வெறுஞ் "சுறாக் கருவாடு" என்பதற்கு மேல் அறியாது. நகக்கண்ணளவு தசையே அங்கு சாட்சி சொல்ல வேண்டும்.

எனினும், சோதனை சொல்வது விஞ்ஞானப் பெயர். சந்தை சொல்வது ஊர்ப் பெயர். திரளி, மணலை என்று மக்கள் அழைக்கும் மீன்களின் குடும்பத்தில் விஞ்ஞானம் பல இனங்களைக் காண்கிறது. ஒரு பெயரின் கீழ் பல இனம் வருவது மரபின் தொகுப்பேயன்றி வஞ்சனையன்று. மலிந்த மீனை உயர்ந்த மீனின் பெயரால் விற்பதே வஞ்சனை. இவ்விரண்டையும் பகுத்தறியாத சோதனை, நேர்மையான வியாபாரியையும் குற்றவாளியாக்கிவிடும்.

சோதனையின் எல்லைகளையும் உணர்தல் தகும். இழைமணி தாய்வழியே மட்டும் வருவதாதலால், 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியாவும் பின்னர் வந்த நைல் திலாப்பியாவும் கலந்து பிறந்த மீனில் அது தந்தையைக் காணாது. ஒரே இனத்து மணலை வாவியில் பிடிபட்டதா, கடலில் பிடிபட்டதா என்ற நம் சந்தையின் முதற் கேள்விக்கும் அதனிடம் விடையில்லை. அங்கே மீனவரின் வாக்கும் வாங்குபவரின் நாவுமே இன்னும் பிரமாணம்.

இச்சோதனை மீனவர்மீது ஏவப்படும் ஆயுதமாகிவிடும் என்று அஞ்சுவோர் உளர். தோணியிலிருந்து முழு மீனை இறக்கி விற்பவருக்குப் பெயரை மாற்ற இடமேயில்லை. அவருடைய மீனின் நற்பெயரை வேறொரு துண்டு களவாடும்போது நட்டப்படுபவரும் அவரே. ஆகவே சோதனை அவருக்குக் காவலாகும். தவறான முகப்புச்சீட்டை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில் குறைவது சட்டமன்று, சாதனமே.

அச்சாதனத்துக்கு முன்னோடியாக ஒரு பணி உண்டு. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் அரச நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவும் கூடி, விடியற்காலையில் தோணி கரை சேரும் துறைதோறும் சென்று, ஒவ்வொரு மீனையும் படம் பிடித்து, துடுப்பின் ஒரு துணுக்கை மதுசாரத்தில் இட்டு, அதனைப் பிடித்தவர் சொன்ன பெயரை அவர் சொன்னவாறே எழுதிக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயரும் விஞ்ஞானப் பெயரும் மரபணு வரிசையும் ஒரே ஏட்டில் அருகருகே நிற்கும் நாளில்தான், குழாயில் மாறும் நிறத்துக்கு மட்டக்களப்புச் சந்தையில் அர்த்தம் பிறக்கும்.