ஏரி நாட்டில் புது நெல்

இருங்காட்டுக்கோட்டை என்றதும் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஹூண்டாய் நிறுவனம் 1996இல் அங்கே கால்கொண்டு, 1998இல் கார்களை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. ஆயினும் இவ்வட்டாரம், ஏரிகளால் பெயர்பெற்ற பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியே அதற்குச் சான்று. இந்த ஏரி நாட்டில் நெல் வேளாண்மை அடைந்த மாற்றம் நாம் சிந்திக்கத்தக்கது.

1965, 1966 ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி நாடு நின்றது. அக்காலை மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம் அவர்கள். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 நெல்லை வெளியிட்டது. இந்தோனேசிய நெல்லும் தைவானின் குட்டை நெல்லும் கலந்து பிறந்த இவ்வினம், உரத்தை மிகுதியாக ஏற்றும் சாயாது நின்றது. நெடிதுயர்ந்த பழைய சம்பாவோ உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். புது விதைகளால் விளைச்சல் பெருகிற்று. பஞ்சத்தின் அச்சம் தணிந்தது. இதனை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

எனினும் புது விதை தனித்து வரவில்லை. உரம், பூச்சிமருந்து, தவணை தவறாத நீர் ஆகியவற்றையும் உடன் கேட்டது. ஏரி நீர் ஊருக்குப் பொது, முறைவைத்துப் பாய்வது. கிணறும் பம்புசெட்டுமோ பணமுடையார்க்கே எளிது. கிணறுடையார் ஏரியை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆகவே முன்னரே நலிந்திருந்த குடிமராமத்து மேலும் தளர்ந்தது. இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் அனைவர்க்கும் கிடைத்தது. நீர்மட்டம் இறங்கிய இடங்களில் ஆழத் தோண்ட இயன்றவரே நிலைத்தனர்.

மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, உழைத்து இறைத்த நீரால் விளைந்ததற்கு இருபதில் ஒன்று என ஜகாத்தை வகுக்கின்றன ஃபிக்ஹு நூல்கள். நீருக்கும் விலையுண்டு என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

நிலமற்றோர் நிலை யாது? விளைச்சல் பெருகினால் கூலியும் உயரவேண்டுமெனக் கேட்பது இயல்பே. தஞ்சைத் தரணியில் எழுந்த கூலிப் பூசல், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களைத் தீக்கிரையாக்கியதில் முடிந்தது.

பின்னர் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆலைகள் வந்தன. நிலத்தின் விலை பட்டா உடையார்க்குரியது. நாற்று நட்ட கைகளுக்குப் பட்டா ஏது? விதையாயினும் ஆலையாயினும், எவ்வளவு விளைந்தது என்று கேட்கும் நாம், எவர் வீட்டு அடுப்பை அது எட்டியது என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.