திலகவதியார் தாங்கிய துன்பம்

திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாற்றிலே நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் எடுத்தோதுவார் பலர். அவற்றிற்கு முன்னரே அவர்தம் தமக்கையார்மேல் ஒன்றன்பின் ஒன்றாய் வந்துற்ற இடுக்கண்களை நின்று நினைப்பார் சிலரேயாவர்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மூத்த மகளாராய்த் தோன்றிய திலகவதியார், பன்னீராண்டுப் பருவத்திற் கலிப்பகையார் என்னும் சேனாபதிக்கு மணம் பேசப்பெற்றார். மணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசனேவலால் வடபுலத்தாரொடு பொரச் சென்றார். அந்நாளிலேயே புகழனார் பிணியால் இறந்தனர். மாதினியாரும் உடன் உயிர் நீத்தனர். அத்துயர் ஆறுமுன்னே, கலிப்பகையார் களத்திற் பட்டார் என்னுஞ் செய்தியும் வந்தது.

வடபுலப் போர் என்றவுடன் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியின் நினைவு எழுதல் இயல்பே. ஆயினும், அவன் அரசெய்தியது கி.பி. 610-ஐ ஒட்டிய காலத்தது. அப்போர் நிகழ்ந்தபோது மருணீக்கியார் இளையர். பின்னர்ச் சமண நூல்களைக் கற்றுத் தலைமையெய்தி, மீண்டு வந்தே மகேந்திரவர்மன் முன் நின்றார். ஆகலின் அப்போர் புலிகேசிக்கு முற்பட்டதெனக் கொள்வதே பொருந்தும்.

பெற்றோர் தம்மைக் கலிப்பகையார்க்கே கொடுக்க இசைந்தமையின், தம்முயிரும் அவருயிரோடு சேர்தலே முறையெனத் திலகவதியார் துணிந்தார். மருணீக்கியார் அவரடியில் வீழ்ந்து அழுது, பெற்றோர்க்குப் பின்னும் தாம் உயிர்தரித்திருப்பது தமக்கையாரை வணங்கலாமென்றே எனவும், அவர் செல்லின் தாம் முந்திச் செல்வது உறுதியெனவும் கூறினார். அதனால் அம்மையார் உயிர் தாங்கினார். பொன்னணி பூணாது மனைக்கண்ணே தவமிருந்தார்.

எவர்பொருட்டு உயிர் தாங்கினாரோ அவரே பின்பு பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளி புகுந்து தருமசேனராயினர். அம்மையார்க்கு வந்த துன்பங்களுள் இதுவே பெரிது. முன்னையவை கூற்றுவனால் வந்தவை. இஃது அன்புடையவனாலேயே வந்தது. அப்பள்ளி அக்காலத்தே பெருஞ்சிறப்புற்றது. சக ஆண்டு 380-இல், அஃதாவது கி.பி. 458-இல், லோகவிபாகம் என்னும் சமண நூல் அவ்வூரில் எழுதப்பெற்றது. அத்தகைய கல்வி நிலையத்தை எதிர்த்து வாதுபுரிய அம்மையார் சென்றாரல்லர், தம்பியாரை வெறுத்தாருமல்லர். கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, விடியுமுன் எழுந்து, திருவலகிட்டு, கோமயத்தால் மெழுகி, நந்தவனத்து மலர்கொய்து மாலை தொடுத்தார். தம்பியாரை மீட்டருளுமாறு நாடோறும் வேண்டினார். சூலைநோய் கொடுத்து ஆட்கொள்வோம் எனப் பெருமான் கனவில் அருளினார். தம்பி மீள்வான் என்னும் உறுதியொடு, அவன் நோயுறுவான் என்பதனையும் அம்மையார் ஏற்கவேண்டியதாயிற்று.

சூலை வந்தது. சமணர்தம் மந்திரமும் நீரும் பயன்படவில்லை. தருமசேனர் தம் அடிசிலாளனைத் திருவதிகைக்கு விடுத்தார். பல்லாண்டு பிரிந்த தம்பி பெருநோயுற்றான் எனக் கேட்ட தமக்கையார், அப்பள்ளிக்குத் தாம் வாரார் என்று சொல்லி அவனைத் திருப்பியனுப்பினார். இது வன்கண்மை என்று கருதுவார் கருதுக. அம்மையார் சென்றிருப்பின் நோயாளிக்கு ஒரு துணை கிடைத்திருக்கும், அவ்வளவே. வாராமை கேட்டபின்னரே தருமசேனர் பாயுடையும் குண்டிகையும் பீலியும் விடுத்து, வெள்ளாடை சூழ்ந்து, கைகொடுப்பாரை ஊன்றி, இரவிலே நடந்து வந்து தமக்கையார் அடியில் வீழ்ந்தார். அம்மையார் கடிந்து ஒன்றும் உரையாது, திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சிக்குத் திருவலகும் தோண்டியும் கொண்டு தாம் செல்லுங்கால் உடனழைத்துச் சென்றார். முதற்பதிகம் அன்று பிறந்தது.

அறுபத்துமூவர் தொகையுள் திலகவதியார் எண்ணப்படவில்லை. காரைக்காலம்மையாரும் மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாருமே அத்தொகையிற் பெண்பாலார். ஆயினும் சேக்கிழார் இவ்வம்மையார்க்குத் தந்த இடம் சிறிதன்று.

பல்லவ வேந்தன் பின்னர்ச் சைவனாயினன். சிராப்பள்ளிக் குன்றின் மேற்குடைவரைக் கல்வெட்டில், புறநெறியினின்று மீண்டு இலிங்க வழிபாட்டை மேற்கொண்ட அரசன் குணபரன் எனப்படுகின்றான். அது மகேந்திரவர்மன் பெயர்களுள் ஒன்று. பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொணர்ந்து அவன் எடுத்த குணபரவீச்சரம், அம்மையார் பல்லாண்டு அலகிட்ட அத்திருவதிகையிலேயே எழுந்தது.