மூன்று சகோதரிகள்: புனைவில் காஹில், வரலாற்றில் டவுன்

பதின்பருவ வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்படும் மிகுபுனைவுகளில் சூனியக்காரிக் கதைகளுக்கென்று தனி இடம் உண்டு. அவற்றுள் ஜெசிக்கா ஸ்பாட்ஸ்வுட் எழுதிய ‘காஹில் விட்ச் க்ரானிகிள்ஸ்’ என்னும் மூன்று நாவல்களின் தொடர் (2012 - 2014) வரலாறு பயில்வோரும் வாசிக்கத்தக்கது. அது சொல்லும் கதைக்காக மட்டுமன்று. அது தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கும் வரலாற்றுக்காகவும்.

கதைக்களம் 1890களின் நியூ இங்கிலாந்து. ஆனால் நாம் அறிந்த நியூ இங்கிலாந்து அன்று. அங்கே ஒருகாலத்தில் சூனியக்காரிகளே ஆட்சி புரிந்தனர். நூறாண்டுகளுக்கு முன்னர் ‘சகோதரர் சபை’ என்னும் சமயக் குருமார் கூட்டம் அவர்களை வீழ்த்தி அதிகாரத்தைக் கைப்பற்றியது. அன்றுமுதல் பெண்கள் படிப்பதும் சிந்திப்பதும் ஐயத்துக்குரியவை. பதினேழு வயதை எட்டும் பெண் திருமணம் செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் ‘சகோதரிகள்’ என்னும் துறவியர் மடத்தில் சேர வேண்டும். கேட், மௌரா, டெஸ் ஆகிய மூவரும் தாயை இழந்த உடன்பிறந்தோர். மூவருக்கும் மாய ஆற்றல் உண்டு. தங்கையரைக் காப்பேன் எனச் சாகும் தாய்க்கு வாக்குக் கொடுத்தவள் மூத்தவள் கேட். மூன்று சகோதரிகளுள் ஒருத்தி மற்றொருத்தியைக் கொல்வாள் என்றொரு முன்னறிவிப்பும் அவர்கள்மீது நிழலாய்ப் படிந்திருக்கிறது.

இதை வாசிக்கும்போது 1692ஆம் ஆண்டு மாசசூசெட்ஸின் சேலத்தில் (நம் சேலம் அன்று) குற்றம் சாட்டப்பட்ட வேறு மூன்று சகோதரிகளை எண்ணாமல் இருத்தல் அரிது. டாப்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த டவுன் குடும்பத்தில் பிறந்த ரெபெக்கா நர்ஸ், மேரி ஈஸ்டி, சாரா க்ளாய்ஸ் ஆகிய மூவர் அவர்கள்.

மூவருள் முதலில் சிக்கியவர் ரெபெக்கா. வயது 71, காது சரியாகக் கேளாதவர், ஊரார் மதிப்பைப் பெற்ற பக்தியுள்ள மூதாட்டி. அவருக்காக அண்டை அயலார் 39 பேர் மனுவில் கையெழுத்திட்டனர். சான்றாயர் குழுவும் முதலில் அவர் குற்றமற்றவர் என்றே தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டியோர் கூச்சலிட, அவர் முன்னர் கூறிய ஒரு சொல்லைச் சுட்டி மறுபடி ஆராயுமாறு நீதிபதி குழுவைக் கேட்டார். அதுகுறித்து வினவப்பட்டபோது கேள்வி அவர் காதில் விழவில்லை. அவருடைய மௌனமே அவருக்கு எதிரான சான்றாயிற்று, தீர்ப்பு மாறியது. ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அக்காள் கைதானதைப் பொறாது ஆலய வழிபாட்டின் நடுவே எழுந்து வெளியேறினார் சாரா. அடுத்த சில நாள்களிலேயே அவர்மீதும் பழி வந்தது. ஏப்ரலில் கைதான மேரியை மே மாதம் விடுவித்தனர். ஆனால் குற்றம் சாட்டிய சிறுமியருள் ஒருத்தி மீண்டும் வலிப்பில் துடிக்கவே, ஓரிரு நாள்களில் மறுபடி சிறையிலடைத்தனர். செப்டம்பர் 22 அன்று மற்றும் எழுவரோடு அவரும் தூக்கிலிடப்பட்டார். சாரா மட்டுமே உயிர் பிழைத்தார். 1693 தொடக்கத்தில் விடுதலை பெற்றார்.

புனைவு வரலாற்றை எங்கே சரியாகத் தொடுகிறது? குருதியுறவில். காஹில் சகோதரியருக்கு மாயம் தாய்வழி வருகிறது. டவுன் சகோதரியர்மீதும் அதே பேச்சு எழுந்தது: தாயும் அப்படிப்பட்டவள்தானே, மகள்கள் வேறெப்படி இருப்பார்கள் என்று. ஒருத்திமீது விழுந்த பழி அடுத்தவளைத் தொடுவதற்கு உடன்பிறப்பு என்னும் உறவே போதுமான இழையாக இருந்தது. அதன் பின்னால் மண்ணும் இருந்தது. டாப்ஸ்ஃபீல்டு மக்களுக்கும் சேலம் கிராமத்துப் புட்னம் குடும்பத்துக்கும் இடையே எல்லைத் தகராறு நெடுங்காலமாக நிலவியது. குற்றம் சாட்டியோரில் முன்னணியில் நின்றது அந்தப் புட்னம் குடும்பமே.

கேரல் கார்ல்சன் என்னும் வரலாற்றறிஞர் 1987இல் வெளியிட்ட ஆய்வு நூலும் இங்கே நினைவுகூரத்தக்கது. சகோதரரோ மகனோ இல்லாததால் சொத்து தம் கைக்கு வரக்கூடிய நிலையிலிருந்த பெண்களே நியூ இங்கிலாந்தில் சூனியப் பழிக்கு மிகுதியாக ஆளாயினர் என்று அவர் காட்டினார். கணவரும் மைந்தரும் உடைய டவுன் சகோதரிகள் இவ்வகையில் அடங்கார். ஆனால் ஆண் வாரிசற்ற காஹில் வீட்டு மூன்று பெண்களும் கச்சிதமாகப் பொருந்துவர்.

இனி, புனைவு தலைகீழாக்கிய இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது வயது. மிகுபுனைவில் சூனியக்காரி பதினாறு வயதுப் பெண்; அவளை வேட்டையாடுவோர் நரைத்த ஆண்கள். சேலத்தில் தீர்ப்பளித்தோர் ஆண்களே. ஆனால் சுட்டுவிரல் நீட்டியோரில் முன்னின்றவர்கள் சிறுமியர்: பெட்டி பாரிஸுக்கு 9 வயது, அபிகெயில் வில்லியம்ஸுக்கு 11, ஆன் புட்னமுக்கு 12. தூக்குமேடை ஏறிய பெண்களுள் பலர் மத்திய வயதைக் கடந்தோர். அதாவது, இந்நாவல்களை இன்று வாசிக்கும் வயதினர் அன்று சாட்சிக் கூண்டில் நின்றனர். வாசிக்கும் சிறுமி தன்னை வேட்டையாடப்படுபவளாகவே கற்பனை செய்ய இந்தப் புனைவு இடம் தருகிறது; வேட்டையில் தானும் சேரக்கூடும் என்னும் கசப்பை அவளுக்குக் காட்டுவதில்லை.

ஆன் புட்னமின் பிற்கால வாழ்வு ஒரு நாவலுக்கு உரியது. தாயும் தந்தையும் 1699இல் அடுத்தடுத்து மறைய, தம்பி தங்கையரை அவரே வளர்த்தார், மணம் புரியவில்லை. 1706இல் ஊர் ஆலயத்தில் அவருடைய மன்னிப்பு வேண்டுதல் வாசிக்கப்பட்டது. அதில் அவர் தனித்துச் சுட்டியது ரெபெக்கா நர்ஸையும் அவருடைய இரு சகோதரியரையும்தான்.

இரண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. மிகுபுனைவில் மாயம் மெய். கேட் உண்மையிலேயே சூனியக்காரி. அவள் போராடுவது அப்படி இருக்கும் உரிமைக்காக. சேலத்தில் எவரும் சூனியக்காரர் அல்லர். அங்கே தூக்கிலிடப்பட்டோர் 19 பேர். ஒருவர் கற்களின் பாரத்தால் நசுக்கிக் கொல்லப்பட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தாம் சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டனர். அவ்வாறு ஒப்புக்கொண்டு அதில் நிலைத்தோரில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. ‘ஆம், நான் சூனியக்காரி’ என்ற ஒரு பொய் உயிரைக் காத்தது. அதைச் சொல்ல மறுத்தவர்களே மாண்டனர்.

மேரி ஈஸ்டி அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அவரும் சாராவும் சேர்ந்து நீதிமன்றத்துக்கு அளித்த மனு ஒன்று எஞ்சியிருக்கிறது. தமக்கு வழக்குரைஞர் இல்லை, ஆகவே நீதிபதிகளே தமக்கு அறிவுரைஞராக இருக்க வேண்டும் என்றும், தம்மை நெடுநாள் அறிந்தோரின் சாட்சியத்தையும் கேட்க வேண்டும் என்றும் இருவரும் வேண்டினர். தண்டனை விதிக்கப்பட்டபின் மேரி தனியே எழுதிய மனுவோ தம் உயிரைக் கேட்கவில்லை. தாம் சாவது உறுதி என்றறிந்து, இனியேனும் குற்றமற்றோர் குருதி சிந்தப்பட வேண்டாம் என்றும், குற்றம் சாட்டுவோரைத் தனித்தனியே பிரித்து விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டது. முகமறியாதோர்க்காகவும் ஒரு பெண் எழுதிய அம்மனுவே நான் அறிந்தவரை சகோதரித்துவத்தின் ஆகச் சிறந்த ஆவணங்களுள் ஒன்று. அதில் மாயம் எதுவுமில்லை. விசாரணை முறை பற்றிய தெளிவான அறிவு இருக்கிறது.

சூனியக்காரியை ஆற்றலின் உருவகமாகக் கொண்டாடுவதில் பிழையில்லை என்போர் உண்டு. மாசசூசெட்ஸின் சேலம் நகரக் காவலர் சின்னத்திலேயே இன்று துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இருக்கிறாள். அங்கே அது பழங்கதையாகிவிட்டது. இந்தியாவில் இதை வாசிக்கும் நமக்கு அவ்வசதி இல்லை. பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சூனியப் பழிக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தன. சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான், அஸ்ஸாம் ஆகியவை பின்தொடர்ந்தன. நடப்பதற்குத்தானே சட்டம் வேண்டும்? சூனியக்காரி எனப்பட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி மகதோ, அத்தகைய பெண்களைக் காக்கப் பிற்காலத்தில் உழைத்தார். அதே பணியை அஸ்ஸாமில் செய்தவர் பீருபாலா ராபா. இருவருக்கும் 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவர்கள் மாய ஆற்றலுக்கு உரிமை கோரவில்லை. சூனியக்காரி என்று எவரும் இல்லை என்பதையே ஊர் ஊராகச் சொன்னார்கள். மேரி ஈஸ்டியின் உண்மையான உடன்பிறப்புகள் இவர்களே.

ஆகவே இத்தகைய தொடர்களை இளையோர் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்று நான் கருதவில்லை. காஹில் தொடரில் நூல்களைத் தடைசெய்வோர் யார் என்பதை நாம் அறிவோம். நாவலின் அருகே அந்த மனுக்களையும் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இளையோர்க்கு அது பெரும்பாரம் என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: 1693இல் தண்டனை விதிக்கப்பட்டு, தூக்கிலிருந்து தப்பியும் பழி நீங்காதிருந்த எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பெயரை மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 2022இல் துடைத்தெடுத்தது. அதற்காக ஆவணங்களைப் படித்து, மனு எழுதி, விடாது முயன்றவர்கள் ஒரு நடுநிலைப் பள்ளியின் மாணவ மாணவியர்.

1692இல் சாட்சி சொன்ன சிறுமியரின் வயதுதான் அவர்களுக்கும்.